மதுரைக்கு எழுதிக் கொடுக்கும் ஊரிலிருந்து: ‘கிரேஸ் அனாடமி’ எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சியாட்டில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடக்கும் ‘கிரேஸ் அனாடமி’ என்ற அமெரிக்க மருத்துவத் தொடரை உருவாக்கிய ஷோண்டா ரைம்ஸ் அம்மையாருக்கும், இப்போது அதை நடத்திச் செல்லும் மெக் மரினிஸ் அவர்களுக்கும், அந்த அறையில் உட்கார்ந்து கதை எழுதும் மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். வரைபடத்தில் இந்தியாவின் கீழ்ப்பக்கம் பார்த்தால், இலங்கையைத் தொடப்போவதுபோல ஒரு விரல் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விரல் முடிகிற இடம் எங்கள் ஊர். அதற்கப்புறம் பாம்பன் பாலம், பாலம் தாண்டினால் ராமேஸ்வரம் தீவு. நான் 34 வருடம் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நடுவில் மூன்று வருடம் தவிர மற்றதெல்லாம் இந்தக் கடற்கரையில்தான் ஓடியது.

உங்கள் தொடரை ஓய்வு பெற்ற பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன். என் தங்கை மகள் நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் போனில் ஒரு எபிசோடைப் போட்டுக் காட்டி, “பெரியம்மா, இதுல எத்தனை தப்புன்னு சொல்லுங்க” என்றாள். முதல் எபிசோடிலேயே பதினொன்று எண்ணினேன். ஆனால் நிறுத்த முடியவில்லை. அவள் காலேஜுக்குத் திரும்பிப் போன பிறகும் நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். 2005 மார்ச்சில் நீங்கள் தொடங்கியதை, இரண்டு வருடத்தில் 21 சீசனும் பார்த்து முடித்தேன். கீழே ஓடும் எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்ததில் என் ஆங்கிலமும் கொஞ்சம் தேறியது. பென்ஷன்காரிக்கு நேரத்துக்கா பஞ்சம்?

2025 மே மாதம் ஆஸ்பத்திரிக்குள் ஒரு வெடிப்பை வைத்து, யார் பிழைத்தார்கள் என்று சொல்லாமல் முடித்துவிட்டுப் போனீர்கள். அந்த அக்டோபர் 9-ஆம் தேதி 22-ஆவது சீசன் தொடங்கியது. எங்களுக்கு அது புரட்டாசிக் கடைசி. வாடைக்காற்றுக்கு முன்னால் கடல் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும் நேரம். வீட்டில் உட்கார்ந்து பார்க்கத் தோதான காலம்தான். இனி எழுதப்போகும் கதைகளுக்கு முன்னால் உங்களிடம் ஒரு மனக்குறையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சின்னச் சின்னத் தப்புகள் அந்தக் குறை இல்லை. ரத்தம் எடுப்பது, ட்ராலி தள்ளுவது, எம்.ஆர்.ஐ. மிஷின் முன்னால் உட்கார்ந்து ஸ்கேன் பார்ப்பது என்று எல்லாவற்றையும் உங்கள் சர்ஜன்களே செய்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு சர்ஜன் தானாக ட்ராலியைத் தள்ளினால், ‘ஐயாவுக்கு என்ன ஆச்சு’ என்று வார்டே எழுந்து நின்று பார்க்கும். இரண்டாம் சீசனில் நர்ஸ்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் இத்தனை நர்ஸ்கள் இருக்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. போகட்டும். கதை என்றால் அப்படித்தான். எங்கள் சினிமாவில் ஹீரோ ஒரே பாட்டில் கோடீஸ்வரன் ஆகவில்லையா?

2018-இல் உங்கள் நாட்டு அறுவை மருத்துவர்கள் சிலர் உங்கள் தொடரை வைத்து ஒரு ஆய்வே செய்தார்கள். 269 எபிசோடுகளில் அடிபட்டு வந்த 290 கற்பனை நோயாளிகளை எடுத்துக்கொண்டு, நிஜத்தில் அடிபட்டு வந்த 4,812 பேரோடு ஒப்பிட்டார்கள். உங்களிடம் வந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் அவசரப் பிரிவிலிருந்து நேரே ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறார்கள், நிஜத்தில் 25 பேர்தான். உங்களிடம் 22 பேர் சாகிறார்கள், நிஜத்தில் 7 பேர். தங்கை மகள் இதைப் படித்துக் காட்டியபோது, அவள் சிரித்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் இன்னொரு கணக்கு இருந்தது. பிழைத்து எழுந்து, ஆனால் வீட்டுக்குப் போக முடியாமல் நீண்ட காலப் பராமரிப்புக்குப் போகிறவர்கள் உங்களிடம் 6 பேர், நிஜத்தில் 22 பேர். அதாவது உங்கள் கதையில் ஆள் சாவார், அல்லது நடந்து வீட்டுக்குப் போவார். நடுவில் நிற்கிறவர்களைக் காணோம். அந்த நடுவிலேயேதான் நான் 34 வருடம் நின்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

11-ஆம் சீசனில், 2015 ஏப்ரலில், டெரிக் ஷெப்பர்டைக் கொன்றீர்கள். நாட்டிலேயே பெரிய மூளை சர்ஜன். சாலையில் ஒரு விபத்தைப் பார்த்து, காரை நிறுத்தி, எல்லோரையும் காப்பாற்றிவிட்டுத் தன் காரில் மறுபடி புறப்படும்போது லாரி வந்து மோதுகிறது. அவரைப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். விபத்து சிகிச்சைக்கான இடம் இல்லை அது. அங்கே இருக்கும் டாக்டர்கள் வயிற்றைப் பார்க்கிறார்கள், தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்காமல் விடுகிறார்கள். பென்னி என்ற இளம் டாக்டர் மட்டும் ஸ்கேன் எடுக்கலாமே என்கிறாள். மேலே உள்ளவர் அவளை அடக்கிவிடுகிறார். மூளை சர்ஜன் நேரத்துக்கு வந்து சேரவில்லை. டெரிக்குக்கு எல்லாம் கேட்கிறது, வாய் மட்டும் பேச வரவில்லை. தனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான். நானும் அழுதேன். பொய் சொல்லப்போவதில்லை.

அழுது முடித்த பிறகுதான் கோபம் வந்தது. நான் பார்த்தவரை, ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குள் நீங்கள் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு தடவைதான். எதற்காகப் போனீர்கள்? உங்கள் ஹீரோவைச் சாகடிக்க. தெரியாதவர்கள், சோம்பேறிகள், ராத்திரிச் சாப்பாட்டை விட்டு எழுந்து வராதவர்கள் இருக்கும் இடமாகச் சின்ன ஆஸ்பத்திரியைக் காட்டிவிட்டு, மறுபடி உங்கள் பெரிய கட்டடத்துக்குத் திரும்பிவிட்டீர்கள். பத்து வருடம் தாண்டிவிட்டது. பார்க்கிறவர்கள் மனதில் அதுதான் நிற்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையன் பைக்கில் விழுந்தபோது, அவன் அக்காவே என்னிடம், “இங்க வேண்டாம் ஆன்ட்டி, அந்த சீரியல்ல பாத்தீங்கள்ல?” என்றாள். எனக்கு யார் கன்னத்திலோ அறைய வேண்டும்போல இருந்தது. யார் கன்னத்தில் என்றுதான் தெரியவில்லை.

உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். 1996, தை மாதம். நான் அப்போது கடலோரத்தில் ஒரு சின்ன அரசு மருத்துவமனையில் இருந்தேன். பெயர் வேண்டாம். முப்பது படுக்கை, ஒரு ஜெனரேட்டர். சி.டி. ஸ்கேன் என்பதை நாங்கள் போட்டோவில் பார்த்திருந்தோம். அன்றைக்கு டியூட்டியில் இருந்த டாக்டர், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். கறுப்பாக, ஒல்லியாக, சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். ஒரு விசைப்படகுக்காரர் நடந்து உள்ளே வந்தார். வலை இழுக்கும்போது, அதைச் சுற்றியெடுக்கும் விஞ்ச் மிஷினின் கயிறு அறுந்து, கப்பி தெறித்துக் காதுக்கு மேலே, பொட்டில் அடித்துவிட்டதாம். படகில் கொஞ்ச நேரம் நினைவு இல்லாமல் கிடந்திருக்கிறார். அப்புறம் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டிருக்கிறார். “ஒண்ணுமில்ல சிஸ்டர், லேசாத் தட்டிருச்சு. ஒரு ஊசியப் போட்டு விடுங்க, விடியக் கடலுக்குப் போவணும்” என்றார். கூட வந்த படகு முதலாளி சம்மாட்டியும், “நல்லாத்தானம்மா பேசுறான்” என்றார். ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. நானாக இருந்தால் தையல் போட்டு அனுப்பியிருப்பேன். மனதார ஒத்துக்கொள்கிறேன்.

அந்த டாக்டர் அனுப்பவில்லை. படுக்க வைத்தார். கால் மணிக்கு ஒரு தடவை நாடி, பிரஷர், கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பது, பேர் கேட்பது. இதைத்தான் என்னிடம் சொன்னார். முதலில் நாடி 84. அப்புறம் 76. ஒரு தடவை வாந்தி எடுத்தார். அப்புறம் 66. “வலைய ஏத்தியாச்சா?” என்று கூட இருந்த மச்சானிடம் கேட்டார். மச்சான் ஏத்தியாச்சு என்றார். மூன்று நிமிடம் கழித்து, “வலைய ஏத்தியாச்சா?” என்று மறுபடி கேட்டார்.

டாக்டர் எழுந்துபோய் மேஜையில் உட்கார்ந்து மதுரைக்கு எழுத ஆரம்பித்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு.

உங்கள் எழுத்தாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, உங்களிடம் ஆலோசனைக்கு டாக்டர்கள் இருப்பார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேல் உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டுகிற கேஸ். பொட்டில் எலும்பு மெலிசு, அதற்குப் பின்னால் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அடிபட்டதும் மயக்கம், அப்புறம் தெளிவு, நன்றாகப் பேச்சு, அப்புறம் திடீரென்று சரிவு. சரிவு வந்தால் ஒரு பக்கத்துக் கண்மணி விரியும், வெளிச்சத்துக்குச் சுருங்காது. நாங்கள் படித்த பாடத்தில் பளிச்சென்று நிற்கும் அடையாளம் அந்தக் கண்மணிதான். அவருக்கு அது இன்னும் விரியவில்லை, நாடி இறங்கியதும் கேட்டதையே திரும்பக் கேட்டதும்தான் இருந்தன. நான் அதைச் சொன்னேன். “பாப்பா” என்று கூப்பிடத் தோன்றும் வயசு அவருக்கு, “மேடம்” என்றுதான் சொன்னேன். “மேடம், ப்யூப்பில் நல்லாத்தானே இருக்கு?” அவர் நிமிராமல் சொன்னார்: “அது விரிஞ்சப்புறம் மதுரை ரொம்ப தூரம் சிஸ்டர்.”

உங்கள் தொடரில் 21 சீசனில் ஒரு டாக்டர்கூடச் சொல்லாத வசனம் இது. ஏனென்றால் உங்கள் டாக்டர்கள் நோயை மட்டும் பார்த்தால் போதும். லிஃப்ட் திறந்தால் தியேட்டர். எங்கள் டாக்டர்கள் நோயோடு தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ராமநாதபுரம் ஒரு மணி நேரம், அங்கிருந்து மதுரை 115 கிலோமீட்டர். அன்றைய ரோட்டில், ராத்திரியில், நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அப்படியென்றால், நாலு மணி நேரம் கழித்து இந்த மனுஷன் எப்படி இருப்பார் என்று இப்போதே கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கேன் இல்லாமல். கண்டுபிடித்தது தப்பாகப் போனால், ஏழைக் குடும்பத்தை ராத்திரியில் அலைக்கழித்த பழி வரும். சரியாகப் போனால் ஒருவருக்கும் தெரியாது. இதற்கு ஒரு திறமை வேண்டும். அதற்குக் கோப்பை கிடையாது, அதன் பெயரில் ஆஸ்பத்திரியும் கிடையாது.

108 எல்லாம் 2008-இல்தான் வந்தது. அன்றைக்குச் சம்மாட்டியின் மீன் வேன்தான். உள்ளே ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அலமாரியில் மூளை அழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்து இரண்டு பாட்டில் இருந்தது, அதில் ஒன்றைப் போட்டுவிட்டு, இன்னொன்றை மச்சான் கையில் கொடுத்தோம். தலையை எப்படித் தூக்கி வைப்பது, வாந்தி வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது, பாட்டிலை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது என்று வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். வேன் போய்விட்டது. டாக்டர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் வென்னீர் வைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன்.

பென்னியை நீங்கள் கெட்டவளாகக் காட்டவில்லை, அது எனக்குத் தெரியும். கேட்க வேண்டியதை அவள் கேட்டாள். கேட்டதில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த சீசனில் அவளை உங்கள் ஆஸ்பத்திரிக்கே வரவழைத்து, டெரிக்கின் மனைவி மெரிடித் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார வைத்தீர்கள். அந்த எபிசோடை நான் மூன்று தடவை பார்த்தேன். ஆனால் அவள் நல்ல டாக்டர் ஆவதற்கு அந்தச் சின்ன இடத்தை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. எங்கள் ஒல்லி டாக்டருக்கு அன்றைக்கு அடக்குவதற்கு மேலே ஆளே இல்லை. பயமும் அதுதான், அதிர்ஷ்டமும் அதுதான்.

‘மதுரைக்கு எழுதிட்டாங்க’ என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கல்யாண வீட்டில், ரேஷன் கடையில், டீக்கடையில், யாரைப் பற்றியாவது இப்படிச் சொன்னால் ஒரு நிமிடம் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். உங்கள் தொடரில் ஆபரேஷன் தியேட்டரைச் சொல்லும் ‘ஓ.ஆர்.’ என்ற சொல்லைக் கேட்டால் எல்லோரும் ஓடுகிறார்களே, அதுபோல எங்களுக்கு மதுரை. எங்கள் மாமியார் காலத்தில் இன்னும் மோசம். 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கும்வரை, ராமேஸ்வரத் தீவிலிருந்து கரைக்கு வர ரயிலை விட்டால் படகுதான். வலி எடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு ரயில் எப்போது வரும் என்று ஸ்டேஷனில் காத்துக் கிடந்த கதையை மாமியார் சொன்னால், அந்த ரயில் வந்ததா என்று நாங்கள் கேட்பதில்லை. 2025 ஏப்ரலில் தூக்குப் பாலத்தோடு புது ரயில் பாலமும் திறந்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இப்போது நிலைமை பழையபடி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் மாவட்டத்துக்காரர்களே என்னைத் திட்டுவார்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள், அதில் ராமநாதபுரமும் ஒன்று. அதே வருடம் இன்னொரு வேடிக்கை நடந்தது. மதுரை எய்ம்ஸுக்கு 2019-இல் அடிக்கல் நாட்டியாயிற்று, கட்டடம் அப்போது எழவில்லை. முதல் வருட மாணவர்கள் ஐம்பது பேரை எங்கே உட்கார வைத்துப் படிக்க வைப்பது? ராமநாதபுரத்துக்கு அனுப்பினார்கள். காலம் பூராவும் நாங்கள் மதுரைக்கு எழுதிக் கொடுத்தோம், ஒரு தடவை மதுரையே எங்களுக்கு ரெஃபர் ஆகி வந்தது. எங்கள் பழைய ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைக்கு ஓடிய கிண்டலுக்கு அளவில்லை.

ஆனாலும் கடல் கடலாகத்தான் இருக்கிறது. உங்கள் நோயாளி ஆம்புலன்ஸ் கதவு திறக்கும்போது பிறக்கிறார். எங்கள் நோயாளி நடுக்கடலில் தொடங்குகிறார். கரைக்கு இரண்டு மணி நேரம், படகுத் துறையிலிருந்து ஆட்டோ, அப்புறம் நாங்கள், அப்புறம் ரோடு. நாலு கை மாறித்தான் ஒரு சர்ஜன் கைக்குப் போகிறார். திருக்கை முள் குத்தியவர், ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்குப் பாய்ந்த முரல் மீன் கழுத்தில் சொருகியவர், சங்கு குளித்து மேலே வந்ததும் கால் மரத்துப்போனவர் என்று ஒவ்வொருவரும் ஒரு விதம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் முடிந்து ஜூன் பாதியில் படகுகள் கடலுக்கு இறங்கும் முதல் வாரம், விஞ்சில் விரல் போனவர்கள் வரிசையாக வருவார்கள். இரண்டு மாதம் சும்மா கிடந்த கையும் மிஷினும் பழகிக்கொள்ளும்வரை அப்படித்தான். சட்டைப்பையில் பாலிதீன் கவரில் விரலைப் போட்டுக் கொண்டுவந்தவரையும் பார்த்திருக்கிறேன். நேராக ஐஸ் பெட்டிக்குள் போட்டுக் கெடுக்காமல் கவரில் சுற்றி ஐஸ்மேல் வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி, இப்போது படகுக்காரர்களுக்கே அது தெரியும்.

மூன்றாம் சீசனில் ஃபெர்ரி விபத்தில் மெரிடித்தைத் தண்ணீரில் தள்ளி, செத்தவள்போலக் கிடந்தவளைப் பிழைக்க வைத்தீர்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் அதைப் பொய் என்றார்கள். நான் இல்லை என்பேன். குளிர்ந்த நீரில் மூழ்கியவரை, உடம்பைச் சூடேற்றிப் பார்க்கும்வரை இறந்ததாகச் சொல்லக் கூடாது என்பது நிஜமான விதிதான். குளிர் மூளையின் பசியைக் குறைத்துவிடும். உங்கள் சியாட்டில் கடல் அப்படிப்பட்ட குளிர். எங்கள் மன்னார் வளைகுடா வென்னீர் ஆறியதுபோல இருக்கும். எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பாராட்ட வேண்டியதையும் பாராட்டிவிடுகிறேன். 14-ஆம் சீசனில் டாக்டர் பெய்லி வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய், எனக்கு ஹார்ட் அட்டாக் என்று சொல்கிறாள். சொல்கிறவள் டாக்டர், அதுவும் சர்ஜரித் தலைவி. அப்போதும் நம்ப மறுக்கிறார்கள், டென்ஷன் என்கிறார்கள். அதைப் பார்த்த ராத்திரி நான் தூங்கவில்லை.

எனக்கு ஒரு பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பாசி எடுக்கும் பெண். எங்கள் பக்கத் தீவுகளைச் சுற்றிக் கழுத்தளவுத் தண்ணீரில் முங்கி, பாறையில் இருக்கும் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். விரலெல்லாம் துணி சுற்றியிருக்கும். ஈரச் சேலையோடு வந்து, “நெஞ்சுக்குள்ள வாயு குத்துது சிஸ்டர், முதுகுக்குப் போகுது” என்றாள். எங்கள் பெண்களுக்கு எல்லாமே வாயுதான். இஞ்சி தட்டிக் குடிப்பார்கள், சோடா குடிப்பார்கள், குப்புறப் படுப்பார்கள். ஓ.பி. நிரம்பி வழிந்த நாள் அது. நானும் வாயு என்றே எடுத்துக்கொண்டு, ஒரு ஜெலுசில் மாத்திரையைக் கொடுத்துப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தபோது வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது, ஈரத்தில் அது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஈ.சி.ஜி. எடுத்ததும் டாக்டர் ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பிரினைக் கடித்து விழுங்க வைத்து, 108-ஐக் கூப்பிட்டு அனுப்பினோம்.

என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் வேறு டிரைவர் வந்திருந்தார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

இதுதான் உங்களுக்குத் தெரியாத வேதனை. உங்கள் தொடரில் நாற்பது நிமிடத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் வெளியே வந்து தொப்பியைக் கழற்றுவார், முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். எங்களுக்குத் தொப்பி கழற்ற யாரும் வருவதில்லை. முதல் பாதியை மட்டும் ஆயிரம் படம் பார்த்த மாதிரி ஒரு வாழ்க்கை. இடைவேளையில் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அதனால் கேட்கிறேன். இனிமேல் ஒரே ஒரு எபிசோட் கொடுங்கள். கதையை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவர வேண்டாம், உங்கள் ஊரிலேயே இடம் இருக்கிறது. சியாட்டிலுக்கு வடக்கே சான் ஹுவான் தீவுகள் இருக்கின்றனவாமே. கரையோடு இணைக்கப் பாலம் கிடையாதாம், ஃபெர்ரிதானாம். தங்கை மகள் மேப்பில் காட்டினாள். பார்த்தவுடன் எனக்கு மாமியார் ஞாபகம்தான் வந்தது. அங்கேயும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கும், அதில் ராத்திரி டியூட்டியில் ஒருத்தி இருப்பாள். காற்றடிக்கிற ராத்திரியாக வையுங்கள், ஹெலிகாப்டர் இறங்க முடியாதபடி. நன்றாகப் பேசிக்கொண்டே ஒரு மீனவர் நடந்து வரட்டும். நாடியை எழுதும் தாளை அடிக்கடி காட்டுங்கள், 84, 76, 66. பின்னணிப் பாட்டு வேண்டாம், அந்த எண்களே போதும். டாக்டர் சந்தேகப்படட்டும், தப்பாகிவிடுமோ என்று பயப்படட்டும். உங்கள் பெரிய ஆஸ்பத்திரி, கிரே ஸ்லோன் மெமோரியல், போனில் ஒரு குரலாக மட்டும் வரட்டும். அந்தக் குரல் கொஞ்சம் அலட்சியமாகப் பேசினால் இன்னும் நிஜமாக இருக்கும், எங்களோடு பேசும்போது பெரிய இடத்துக் குரல்கள் அப்படித்தான். கடைசியில் ஆள் போய்விட்ட பிறகு, கேமரா கூடவே ஓடக் கூடாது. அங்கேயே நிற்கட்டும். அவள் ட்ராலியைக் கழுவட்டும். அவர் பிழைத்தாரா என்று எங்களுக்கும் சொல்லாதீர்கள். ரசிகர்கள் திட்டுவார்கள்தான். வெடிப்பை வைத்துக் கிட்டத்தட்ட ஐந்து மாதம் காக்க வைத்தவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

வேண்டுமானால் பென்னியையே அங்கே டியூட்டியில் போடுங்கள். அவள் திரும்ப வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அந்த மீன் வேனில் போனவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். உங்களுக்குப் பொறுக்காது. எட்டு மாதம் கழித்து ஒருநாள் ஓ.பி.யில் ஒருவர் காய்ச்சலோடு இருந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றும்போது தலை திரும்பியது. காதுக்கு மேலே, குதிரை லாடம்போல வளைந்த தையல் தழும்பு. முடி முளைக்காமல் பளபளவென்று இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “எங்க ஆபரேஷன் பண்ணீங்க?” என்று கேட்டேன். “மருதயில சிஸ்டர். பெரிய டாக்டர்மாரு காப்பாத்திட்டாங்க” என்றார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த ராத்திரியே அவருக்கு ஞாபகம் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த டாக்டர் அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அன்று சாயங்காலமே ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கி, ‘கப்பி அடிபட்டவர் வந்திருந்தார் மேடம், நன்றாக இருக்கிறார், நாடி 80’ என்று எழுதிப் போட்டேன். பழைய விலாசம்தான் என்னிடம் இருந்தது. பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.

பின்குறிப்பு: மானிட்டரில் கோடு நேராக ஓடும்போது நெஞ்சில் ஷாக் கொடுக்கிற பழக்கம் மருத்துவத் தொடர்களை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. துடிப்பு தாறுமாறாக இருந்தால்தான் ஷாக். நேர்கோட்டுக்கு நெஞ்சை அமுக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். தங்கை மகள் வகுப்பில் போன மாதம் ஒரு பையன் பரீட்சையில் இதைத் தப்பாக எழுதிவிட்டு, டி.வி.யில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறான்.